பிந்தி வந்த பெருமை

குவேக்கர் என்றாலே அடிமை முறையை எதிர்த்தவர் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. குருவும் பலிபீடமும் இன்றி, மௌனத்தில் கூடிச் செபிக்கும் அச்சபையாரை நாமும் மதிக்கிறோம். ஆயினும் பென்சில்வேனியாவில் அவர்கள் வாழ்ந்த வரலாற்றை நெருங்கிப் பார்ப்போர் இப்புகழுரையை அப்படியே ஏற்க இயலாது. அக்குடியேற்றத்தை நிறுவிய வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தவர்.

1688-இல் பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் நால்வர் ஒரு விண்ணப்பம் எழுதினர். பொன்விதியை நம்புவோர் மனிதரை விற்பதும் வாங்குவதும் எவ்வாறு தகும் என்பதே அவர்கள் வினா. மாதக் கூட்டம் அதைப் படித்தது. தன்னால் தீர்க்க இயலாத கனத்த பொருள் என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அக்கூட்டமும் அவ்வாறே சொல்லி ஆண்டுப் பேரவைக்கு அனுப்பியது. பேரவையோ முடிவெடுக்காமல் ஒதுக்கி வைத்தது. மறுப்பதைக் காட்டிலும் மரியாதையான வழி! கையில் மனுவோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவருக்கு இது புதிதன்று.

பின்னர் வந்தவர் பெஞ்சமின் லே. குள்ள உருவினர், கூன் முதுகினர். 1738-இல் பர்லிங்டனில் கூடிய ஆண்டுப் பேரவைக்குள் மேலங்கியில் வாளை மறைத்துச் சென்றார். சிவந்த பழச்சாற்றுப் பையை உள்ளே பொதிந்த நூலொன்றை வாளால் குத்தி, அடிமைகளை வைத்திருந்தோர்மேல் அச்சாற்றைத் தெளித்தார். அவரை வெளியேற்றினர், அவ்வாண்டே சபையினின்றும் நீக்கினர்.

அடிமைகளை வாங்கி விற்போரைச் சபை அலுவல்களினின்று பேரவை விலக்கியது 1758-இல்தான். வைத்திருப்பதையே தடைசெய்ய 1776 ஆயிற்று. விண்ணப்பத்துக்கும் தடைக்கும் இடையே 88 ஆண்டுகள். எத்தனை தலைமுறைகள் அடிமைகளாகவே மண்ணுக்குள் போயின! இவ்விடைவெளியைத் தாவிவிட்டு முடிவை மட்டும் போற்றுவோர், காத்திருக்க வைத்தவர்களுக்கே மாலை சூட்டுகின்றனர்.

தடையோடும் கதை முடியவில்லை. 1830-களில் பிலடெல்பியாவின் ஆர்ச் வீதிக் கூடத்தில் வழிபட வந்த கறுப்பினப் பெண்மணி கிரேஸ் டக்ளசுக்கும் அவர் மகள் சாராவுக்கும் தனி விசுப்பலகையே ஒதுக்கப்பட்டிருந்தது. வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910 வரை நின்றதை அறிந்த நமக்கு அந்தப் பலகை எத்தகையது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

அச்சபையின் அடையாளம் மாறியது என்பதை நாம் மறுக்கவில்லை. தானாகவே மாறியது என்பதையே மறுக்கிறோம். வெளியே தள்ளப்பட்டவர்கள் மாற்றினார்கள். உள்ளே இருந்தவர்கள் பெயர் பெற்றார்கள். லேயும் அவர் மனைவியும் அடக்கம் செய்யப்பட்ட அபிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் பெயர் தாங்கிய கல் நாட்டப்பட்டது 2018-இல். அவரைச் சபை நீக்கி 280 ஆண்டுகளுக்குப் பின்.