நிற்பதற்கென்றே பிறந்தவர்களா?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு தோழரும் அவரது துணைவியாரும் தங்கள் மகளுக்குத் துணி எடுக்க விரும்பியதால், சென்னை தியாகராய நகரில் ரங்கநாதன் தெருப் பக்கமுள்ள ஒரு பல மாடிக் கடைக்கு நாமும் அவர்களுடன் போக நேர்ந்தது. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கியது முதல் நாம் நடந்து போனோம் என்று சொல்லுவதற்கில்லை. கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்க் கடை வாசலில் விட்டது.

அக்கடையை நாம் எடுத்த எடுப்பில் குறைகூற வரவில்லை. பாத்திரம், துணி, நகை, பெட்டி, பொம்மை ஆகிய எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. குளிர்சாதனம் இருக்கின்றது. தானே நகரும் படிக்கட்டு இருக்கின்றது. அந்தப் படிக்கட்டில் கால் வைத்தவனை "நீ என்ன ஜாதி?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்முடன் வந்த தோழரின் தகப்பனார், மேல் ஜாதியார் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். அவர் மகனோ செருப்புக் காலோடு ஐந்தாம் மாடி வரை ஏறினார். சாஸ்திரமும் கோவிலும் செய்யாத இக்காரியத்தை வியாபாரம் செய்திருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கமில்லை.

மற்றொரு காரியத்தையும் வியாபாரம் செய்திருக்கின்றது. ஆடியில் கல்யாணம் கூடாது, புதுக்குடித்தனம் கூடாது, புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்று நம் ஜனங்களுக்கு எத்தனையோ "கூடாது"கள் உண்டு. ஆகாத மாதத்தில் ஜனங்கள் கடைக்கு வருவதில்லை. சரக்கு தேங்கிற்று. வியாபாரி பார்த்தார், "ஆடித் தள்ளுபடி" என்று ஒரு பலகையை மாட்டினார். அவ்வளவுதான்! ஆகாத மாதமே வாங்குவதற்கு ஆன மாதமாகிவிட்டது. நாம் எத்தனையோ மேடைகளில் தொண்டை வறளப் பேசியும் அசையாத பஞ்சாங்கம், விலையில் ஒரு பங்கைக் குறைத்தவுடன் அசைந்து கொடுத்துவிட்டது.

இதிலிருந்து வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழக்கம், வழக்கம், மாமூல் என்று நாம் பயந்துகொண்டிருப்பவை எல்லாம், மாற்றினால் லாபம் என்று தெரிந்தவுடன் மாற்றப்பட்டுவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்றாம் மாடியில் சேலைப் பகுதி. நமக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தோம். எதிரே பத்தொன்பது, இருபது வயதுள்ள ஒரு பெண் நின்றுகொண்டு, சேலை சேலையாக எடுத்து விரித்துக் காட்டியது. தோழரின் துணைவியார் பார்த்ததும், மடிக்கச் சொன்னதும் முப்பது சேலைக்குக் குறையாது. இப்படி அரைமணி நேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் அந்தப் பெண் ஒரு காலை மாற்றி மற்றொரு காலில் நிற்பதும், மேஜை விளிம்பில் இடுப்பைச் சாய்ப்பதும், உடனே யாரையோ பார்த்துப் பயந்து நிமிர்வதும் நம் கண்ணில் பட்டது. அதுவரை நாமும் கவனிக்கவில்லை. சுயமரியாதை பேசித் திரியும் நாமே கவனிக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

"ஏனம்மா, சற்று உட்கார்ந்துகொண்டு காட்டலாமே?" என்று கேட்டோம்.

"உட்கார்ந்தா ஏசுவாங்க சார்."

"யார் ஏசுவார்கள்?"

அந்தப் பெண் வாயால் பதில் சொல்லவில்லை. கண்ணை மேலே தூக்கிக் காட்டியது. மேலே ஒரு காமிரா இருந்தது. காலை முதல் இரவு கடை அடைக்கும் வரை நிற்பது என்றும், சாப்பாட்டுக்குப் போகும்போதுதான் உட்காருவது என்றும், அடிக்கடி வெளியே போக வேண்டிவரும் என்பதால் தண்ணீர்கூட அதிகம் குடிப்பதில்லை என்றும் மெதுவாகச் சொல்லிற்று. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கமாம்.

கீழே இறங்கிப் பணம் கட்டப் போனோம். கல்லாவுக்கு மேலே லட்சுமி படம் மாட்டி, பூப்போட்டு, விளக்கு வைத்திருந்தார்கள். லட்சுமி தாமரைப்பூவின்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டிருக்கின்றாள். அவள் இதுவரை ஒரு கைக்குட்டையாவது விற்றுக் கொடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. காலை முதல் இரவு வரை விற்றுக் கொடுத்து அந்தக் கல்லாவை நிரப்புகிறவளோ மூன்றாம் மாடியில் நிற்கின்றாள். விற்காதவளுக்கு ஆசனம், விற்பவளுக்குக் கால்வலி. இதற்குப் பெயர் பக்தியா, பைத்தியமா என்று கேட்கின்றோம்.

அங்கிருந்த மேற்பார்வைக்காரரிடம் இதைப் பற்றி விசாரித்தோம். அவர் மரியாதையாகவே, "வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு சார். இது கடை வழக்கம்" என்றார். நாம் பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவரும் நின்றுகொண்டேதான் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வழக்கம் என்றால் எந்தக் காலத்து வழக்கம்? நம் நாட்டுப் பழைய ஜவுளிக் கடைகளில் தரையில் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். விற்கிறவரும் அதன்மேல் உட்காருவார். வாங்குகிறவரும் அதன்மேல் உட்காருவார். இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசியே வியாபாரம் நடந்தது. ஆகவே, இந்த நிற்கும் வழக்கம் பாட்டன் வழக்கமல்ல. மெத்தையை எடுத்துவிட்டு மேஜை போட்டதற்குப் பின் வந்த வழக்கம். ஆடி மாதத்துச் சாஸ்திரத்தையே தள்ளுபடி செய்த கடைக்காரர், இந்த ஒரு வழக்கத்தை மட்டும் ஏன் தள்ளுபடி செய்யவில்லை? அதில் லாபமிருந்தது, இதில் லாபமில்லை என்று நினைக்கின்றார். வேறு காரணம் ஏதாவது உண்டா?

"சட்டம் இல்லையோ?" என்று வாசகர்கள் கேட்கலாம். சட்டம் தாராளமாக இருக்கின்றது. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் வருஷத்தியது. அதில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சாதாரண வேலைநேரம் வரையறுக்கப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வும் விதிக்கப்பட்டது. அச்சட்டத்தில் 2021ஆம் வருஷத்தில் 22-ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு கடையிலும் வேலையாட்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம் என்று தமிழ்நாடு சட்டசபை செய்துவிட்டது. சட்டம் புஸ்தகத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கின்றது. பெண் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கின்றது.

இந்தச் சட்டத்துக்கும் முன்னோடி உண்டு. கேரளத்தில் 2018ஆம் வருஷத்திலேயே இது வந்துவிட்டது. அது யாரோ கனவான்கள் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள், மூத்திரம் போக ஓர் இடமில்லையே என்று முதலில் கேட்டார்கள். தையல் வேலை செய்து பிழைத்த விஜி என்ற அம்மையாரும் மற்றவர்களும் "பெண்கூட்டு" என்று சேர்ந்தார்கள், பிறகு உட்கார இடம் கேட்டார்கள், வருஷக்கணக்காகப் போராடினார்கள், வாங்கினார்கள். இங்கிலாந்திலோ, மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கை வீதம் கடைகளில் வைத்தாக வேண்டும் என்று 1899ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்தார்கள். அப்போது நம்மையும் ஆண்டது அதே ராஜாங்கம்தான். அவர்கள் ஊர்ப் பெண்ணின் காலுக்கு வலி உண்டு என்று தெரிந்து 122 வருஷங்கள் கழித்துத்தான் நம் ஊர்ப் பெண்ணுக்கும் கால் உண்டு என்று சட்டத்தில் எழுதியிருக்கின்றோம்!

"உட்கார விட்டால் சோம்பேறியாகி விடுவார்கள்" என்கிறார்கள் சிலர். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் சோம்பேறியா? பாங்கியில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவர் சோம்பேறியா? முதலாளி நிற்கிறாரா? உட்கார்ந்து வேலை செய்வதால் அவர்களுடைய வேலை கெடவில்லையென்றால், இந்தப் பெண்ணின் வேலை மட்டும் எப்படிக் கெடும்? "இஷ்டப்பட்டுத்தானே வேலைக்கு வந்தார்கள்?" என்கிறார்கள் வேறு சிலர். வறுமைக்கு என்ன இஷ்டம் இருக்கின்றது? கால் நரம்பு புடைப்பதும், முதுகு நோவதும், தண்ணீர் குடிக்காமல் மூத்திர உபாதை வருவதும் யாருடைய இஷ்டம்? தினம் பல மணி நேரம் நின்றே வேலை செய்தால் இந்த நோய்கள் வரும் என்று எந்த வைத்தியரும் சொல்லுவார். நாற்காலி வாங்கப் பணமில்லை என்று கடைக்காரர் சொல்ல முடியாது. அதே கடையின் நான்காம் மாடியில் நாற்காலி விற்பனைக்கு இருந்ததை நாமே பார்த்தோம்!

ஆனால் குற்றம் முழுவதையும் முதலாளியின் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. வெளியே வந்தவுடன் நம் தோழரே, "இருந்தாலும் பணம் கொடுத்து வாங்க வந்த நமக்கு முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?" என்றார். நாம் பதில் சொல்லு முன்னமே அவர் துணைவியார் சொன்னார்: "உங்க அப்பா பண்ணையார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே துண்டை இடுப்பில் கட்டிக்கிட்டு நின்னப்போ, பண்ணையாருக்கும் அது நல்லாத்தான் இருந்திருக்கும்." தோழர் அதற்குப் பிறகு ரயில் நிலையம் வரை வாய் திறக்கவில்லை.

அந்த அம்மையார் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கின்றது. நேற்று நம்மை நிற்க வைத்ததற்குப் பெயர் ஜாதி. இன்று நாம் நிற்க வைப்பதற்குப் பெயர் வாடிக்கையாளர் மரியாதை. எதிரே ஒருவர் கால் வலிக்க நின்றால்தான் நமக்கு மரியாதை என்று நினைக்கின்ற புத்தி இருக்கின்றதே, அது பண்ணையாரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்ட சொத்து. அந்தச் சொத்து நமக்கு வேண்டாம். பிறர் மரியாதையை எடுத்துத் தன் மரியாதைக்குத் தீனி போடுவது சுயமரியாதையாகாது.

அது நடந்த இடத்தின் பெயரையும் வாசகர்கள் யோசிக்க வேண்டும். தியாகராய நகர் என்பது நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர். பக்கத்தில் இருக்கின்ற பூங்கா, அக்கட்சியின் முதல் மந்திரி பனகால் ராஜாவின் பெயரில் இருக்கின்றது. சட்டசபையிலும் உத்தியோகத்திலும் நம்மவர்களுக்கு உட்கார இடம் வேண்டுமென்று வாதாடியவர்கள் அவர்கள். அவர்கள் பெயர் வைத்த ஊரில் நம் பெண்களுக்கு ஒரு முக்காலியில் இடமில்லை.

ஆகவே, வாசகர்கள் செய்ய வேண்டியது இதுதான். கடைக்குப் போனால், சேலையின் விலையைக் கேட்கு முன் "உங்களுக்கு நாற்காலி எங்கே?" என்று கேளுங்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டால் அவளுக்குத்தான் ஏச்சு விழும்; மேற்பார்வைக்காரரிடமும் முதலாளியிடமும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் நாற்காலி வரும். நாற்காலி இல்லாத கடையைப் பற்றித் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். நம் இயக்கத் தோழர்களில் கடை வைத்திருப்பவர்கள் நாளைக் காலையிலேயே இருக்கை போட வேண்டும். போடாமல் நம் மேடையில் ஏறிச் சமத்துவம் பேச வேண்டாம். மகளைக் கடை வேலைக்கு அனுப்புகின்ற பெற்றோர்கள், சம்பளம் எவ்வளவு என்பதோடு உட்கார இடமுண்டா என்றும் கேட்க வேண்டும். வேலை செய்கின்ற பெண்களோ கோழிக்கோட்டுப் பெண்களைப் போல் ஒன்று சேர வேண்டும். ஒருத்தி உட்கார்ந்தால் வேலை போகும். எல்லோரும் உட்கார்ந்தால் வழக்கம் போகும்.

அடுத்த ஆடியிலும் தள்ளுபடி வரும்; கூட்டமும் வரும்; நாமும் போவோம். அன்று அந்த மூன்றாம் மாடியில் அந்தப் பெண் உட்கார்ந்துகொண்டு சேலை காட்டினால், விலையில் ஒரு காசுகூடக் குறைக்காவிட்டாலும் அதையே நாம் பெரிய தள்ளுபடி என்று கருதுவோம்.