பூ விழுந்த கண்



எங்கள் வகுப்பில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் வேப்பம்பட்டிலிருந்து காக்களூர், கும்மிடிப்பூண்டி வரை சென்று பட்டறைகளில் வேலை செய்கின்றனர். கிரைண்டரில் தெறித்த இரும்புத்தூள் கண்ணில் பட்டு, புண் ஆறிய பின்னும் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டவர்களை நாங்கள் அறிவோம். "கண்ணில் பூ விழுந்துவிட்டது, எல்லாம் விதி" என்பார்கள் பாட்டிமார். இதை விதி என்று விட்டுவிட எங்களுக்கு மனமில்லை.

கண்ணின் முன்புறமுள்ள கார்னியா ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமே உடையது. கொலாஜன் என்னும் புரத இழைகள் அடுக்கடுக்காக, ஒழுங்காக அமைந்திருப்பதால்தான் அது கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறது. காயம் ஆறுகையில் இழைகள் தாறுமாறாகச் சேர்ந்தால் ஒளி சிதறும். பாட்டி சொல்லும் பூ அதுதான்! கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு என்று 1954-ல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நாம் ரயிலேறிப் போய்வரும் தூரத்தில் நடந்த ஆராய்ச்சி இது.

இவ்வாறு அடுக்கிய இழைகளுக்குள் புகும் ஒளி இரண்டாகப் பிரிந்து இருவேறு வேகத்தில் செல்லும். தளவிளைவுற்ற ஒளியைக் கொண்டு இதை அளக்கலாம். "கண்ணை இப்படி அளந்து என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. வலியின்றிப் பார்வையைப் பறிக்கும் கிளாக்கோமா நோயை அறிய, விழித்திரையின் நரம்பிழைகளை இதே முறையில் அளக்கும் லேசர் கருவி 1990-களில் வந்தது. ஆனால் ஒளி கார்னியா வழியாகத்தானே போய்வர வேண்டும்? அதன் பங்கைக் கழிப்பதற்கு எல்லோருக்கும் 60 நானோமீட்டர் என்ற ஒரே சராசரியை வைத்தார்கள். அதில் அடங்காத கண்களுக்குத் தவறான முடிவு வந்தது. பிறகுதான் ஒவ்வொரு கண்ணின் கார்னியாவையும் தனித்தனியே அளந்தார்கள். (எங்கள் மதிப்பெண் அட்டையிலும் சராசரி என்று ஒன்று உண்டு. அது போகட்டும்.)

ஆகவே எங்கள் ஆய்வகத்துக்கு இரண்டு போலராய்டு தகடுகள் வாங்கித் தருமாறு சகோதரிகளை வேண்டுகிறோம். அவற்றைக் குறுக்காக வைத்து, நடுவே செல்லோடேப் ஒட்டிய கண்ணாடித் துண்டை வைத்தால் வண்ணங்கள் தோன்றுமாம். நாங்களே பார்க்க வேண்டும்.

தந்தையரிடம் இன்னொரு வேண்டுகோள். தழும்பு ஆழமாகிவிட்டால் மாற்றுக் கார்னியா தேவைப்படும். அது இறந்தவர் ஒருவரின் கண்ணிலிருந்து வர வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியோ ஆணியில் தொங்குகிறது. வியர்க்கிறது, மங்கலாகத் தெரிகிறது என்கிறீர்கள். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், அப்பா.