வேண்டாத அடைமொழி

நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு திருத்தணிக்குப் போயிருந்தேன். அவருக்கும் அவர் மகளுக்கும் முடி இறக்குவதாகப் பிரார்த்தனை. ஏழு வயதுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். எதிரே இறங்கி வந்த எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, "குழந்தை யார் ஜாடை?" என்று கேட்டார். "வளர்ப்புப் பெண்" என்றேன்.

ஆம் ஐயா, சொன்னவன் நான்தான். சொற்களை எடைபோட்டே சோறு தின்கிறவன். குழந்தை என் கையை விட்டுவிட்டுத் தாயாரிடம் போய்விட்டாள். மலை உச்சி வரை மறுபடி பிடிக்கவில்லை.

அன்று முதல் அந்தச் சொல்லோடு எனக்குத் தகராறு.

வளர்ப்பு நாய், வளர்ப்புக் கிளி, வளர்ப்பு மகள்! எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கிலும் இதே கதைதான். 'பெம்புடு' என்ற ஒரே சொல் நாய்க்கும் உண்டு, பிள்ளைக்கும் உண்டு. பெற்ற பிள்ளையை மட்டும் யாரும் வளர்க்காமலா விட்டுவிடுகிறார்கள்?

'தத்து' என்று சொல்லலாமே என்பீர்கள். வடமொழியில் 'தத்த' என்றால் கொடுக்கப்பட்டது என்று பொருள். கொடுத்தவரை நினைவூட்டுகிற சொல். நெஞ்சோடு அணைத்துக்கொண்டவரைப் பற்றி அது மூச்சு விடவில்லை. போதாக்குறைக்கு, ஜோசியர் வாயில் 'தத்து' என்றால் உயிருக்குக் கண்டம்! 'சுவீகாரம்' கொஞ்சம் தேவலை, தன்னுடையதாக்கிக் கொள்ளுதல். ஆனால் அதுவும் ஒரு நாள் காரியத்தின் பெயர். கல்யாணமும் ஒரு நாள்தான் நடக்கிறது. அதற்காக மனைவியை ஆயுள் முழுவதும் 'கல்யாணப் பெண்' என்றா அழைக்கிறோம்?

திதி கொடுக்கவும் சொத்தைக் காக்கவும் ஆண் பிள்ளையைத்தான் பழைய சாஸ்திரம் தேடிற்று. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்த பிறகே பெண் குழந்தைக்கும் வழி பிறந்தது. தத்தெடுத்த நாள் முதல் எல்லா வகையிலும் அது அந்தத் தாய் தகப்பனின் குழந்தையே என்றும் அச்சட்டம் சொல்லிவிட்டது. பெற்ற குழந்தைக்குள்ள உரிமை யாவும் உண்டு என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கிறது. சட்டத்துக்கு வந்த புத்தி நம் நாக்குக்கு இன்னும் வரவில்லை.

"உண்மையை மறைக்கச் சொல்கிறீரா?" என்று சண்டைக்கு வருவோர் உண்டு. இல்லை. குழந்தைக்கு அது தெரியவேண்டும். தாய் தகப்பன் வாயால் தெரியவேண்டும். வள்ளியின் கதையை யார் மறைத்தார்கள்? வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வந்தான். கிழங்கின் பெயரையே அவளுக்கு வைத்தான். கிடைத்த கதை பெயரிலேயே இருக்கிறது. ஆனாலும் அவள் குறமகள். அவளை மணந்து இந்த மலையில் வந்து அமர்ந்ததாகச் சொல்லப்படும் முருகன், குறவர் மருமகன். 'குறவரின் வளர்ப்பு மருமகன்' என்று சொல்ல எவருக்காவது வாய் வருமா?

கதை வேறு, அடைமொழி வேறு. கதை குழந்தைக்குச் சொந்தம். அதை அவள் விரும்பினால் சொல்லிக்கொள்வாள். அடைமொழியோ வழியில் போகிறவன் ஒட்டிவிட்டுப் போகிற சீட்டு. அதைக் கிழித்துவிட்டால் மிஞ்சுகிற சொல் 'மகள்'. அது போதும்.

அன்று முடி இறக்கிக்கொண்டு, தலையில் சந்தனத்தோடு அப்பாவும் மகளும் என் எதிரே வந்து நின்றார்கள். ஒரே ஜாடை!