படம் பார்ப்பதையும் படிக்க வேண்டும்

“பள்ளிக்கூடத்தில் சினிமா எதற்கு?” என்று கேட்போர் பலர். எங்கள் வீடுகளிலேயே கேட்டார்கள். பதினோராம் வகுப்புப் பெண்கள் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் திரைப்படக்கலை பயில்கிறார்கள் என்ற செய்தி வீட்டுக்கு எட்டியதும், “நடிகையாகப் போகிறாயா?” என்று அதட்டிய பாட்டிமார் உண்டு. “அந்த ஒரு மணி நேரம் கணக்குப் போட்டாலாவது நாலு மதிப்பெண் கூட வரும்” என்று பெருமூச்சு விட்ட தந்தையரும் உண்டு. வரும் கல்வியாண்டில் அந்த நேரத்தைச் சிறப்பு வகுப்புக்கு விட்டுவிடலாமா என்ற பேச்சு பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலும் எழுந்திருக்கிறது. முடிவு இன்னும் ஆகவில்லை. ஆகவே, ஓராண்டு பயின்ற நாங்கள் எங்கள் கருத்தையும் இம்மலரின் வாயிலாகச் சொல்லி வைக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்று. எங்களில் எவரும் நட்சத்திரமாகும் எண்ணத்துடன் இவ்வகுப்பில் சேரவில்லை. (ஒருத்திக்கு மட்டும் அந்த எண்ணம் உண்டு. அவள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை.) நாங்கள் கேட்பது மிகவும் எளிய கேள்வி. ஆறாம் வகுப்பு முதல் எங்களுக்குச் செய்யுள் கற்பிக்கிறார்கள். தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்று ஒரு வினா தவறாமல் வருகிறது. எதுகை எங்கே, மோனை எங்கே, என்ன அணி, என்ன சுவை என்று தேடித் தேடி எழுதுகிறோம். ஆனால் வாழ்நாளில் நாங்கள் படிக்கப் போகும் செய்யுள்களைவிடப் பார்க்கப் போகும் படங்கள் பன்மடங்கு அதிகம். தொலைக்காட்சியில் பார்க்கிறோம், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியிலும் எட்டிப் பார்க்கிறோம். அவற்றுக்கு நயம் பாராட்டவும், நயவஞ்சகம் கண்டால் இனங்காணவும் எங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

எங்கள் வகுப்பில் நடந்த முதல் பயிற்சியைச் சொன்னால் இது விளங்கும். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் ஒரே முகத்தை எடுத்துக்கொண்டு, அதை ஒரு முறை சூப்புக் கிண்ணத்துடனும், ஒரு முறை சவப்பெட்டியுடனும், இவ்வாறு வெவ்வேறு காட்சிகளுடன் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த நடிகர் பசியையும் துயரத்தையும் எவ்வளவு அருமையாக நடித்துக் காட்டினார் என்று வியந்தார்களாம். முகம் என்னவோ ஒன்றேதான்! இதனையே நாங்கள் செய்து பார்த்தோம். தோழி ஒருத்தியின் முகத்தைப் பத்து விநாடி படம் பிடித்தோம். அதனை மதிப்பெண் பட்டியலுடனும், சாப்பாட்டு டப்பாவுடனும், யாரும் உட்காராத ஒரு பெஞ்சுடனும் தனித்தனியே ஒட்டி ஒன்பதாம் வகுப்புத் தங்கையருக்குக் காட்டினோம். “பாவம், பெயிலாகிவிட்டார் அக்கா” என்றாள் ஒருத்தி. “பசியோடு இருக்கிறார்” என்றாள் மற்றொருத்தி. வெற்றுப் பெஞ்சைப் பார்த்த சிறுமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உண்மையில் எங்கள் தோழி அப்பொழுது பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் இருந்த பல்லியை.

சிரித்து முடித்த பிறகு எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். ஒரு பெண்ணின் முகத்துக்கு முன்னும் பின்னும் எதை ஒட்டினாலும் அவள் அதையே நினைத்ததாக உலகம் நம்பும் என்றால், இது விளையாட்டுச் செய்தியன்று. இன்று கைக்குக் கை தாவும் துண்டுப் படங்கள் பல இவ்வாறு ஒட்டப்பட்டவையே. ஒருவர் சொன்னதில் பாதியை வெட்டி, நடுவில் வேறொருவரின் சிரிப்பைச் செருகி, கீழே சோக இசையை ஓடவிட்டால் யாரை வேண்டுமானாலும் குற்றவாளியாக்கலாம். எங்கள் பெற்றோர் எங்களைப் பற்றி அஞ்சுவதும் இதற்காகத்தானே? சினிமா தெரியாத பெண்ணைத்தான் சினிமாவால் ஏமாற்ற முடியும் என்பது எங்கள் துணிபு. வெட்டும் இடம் எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவள், ஒரு படத்தை அடுத்தவருக்கு அனுப்புமுன் இரு முறை யோசிப்பாள்.

அடுத்து விமரிசனம். சிஸ்டர் முதல் நாளே இரண்டு சொற்களுக்குத் தடை விதித்தார். ஒன்று ‘சூப்பர்’, மற்றொன்று ‘போர்’. பார்த்ததை முதலில் எழுத வேண்டும், பிடித்ததா இல்லையா என்பதை அதற்குப் பிறகே எழுத வேண்டும் என்பது கட்டளை. அந்த இரண்டு சொற்களையும் பறித்துக்கொண்ட பிறகுதான் எங்களிடம் வேறு சொற்களே இல்லை என்பது தெரிந்தது.

எங்களுக்குத் திரையிடப்பட்ட படம் பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988-இல் வெளிவந்தது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா என்ற பெண், கடன் வாங்கிச் சென்னையில் ஒரு சிறு வீடு கட்ட முனைகிறாள். அவ்வளவுதான் கதை. அர்ச்சனா இதில் நடித்ததற்காகத் தேசிய விருது பெற்றார். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. முதல் அரை மணி நேரம் எங்களில் பலர் நெளிந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பின்னர், சிமெண்ட் திருடு போவதைக் கட்டட வேலை செய்யும் பெண் மங்கம்மா அம்பலப்படுத்தும் கட்டம் வந்தது. படம் முடிந்து விளக்குப் போட்டதும், வகுப்பில் அதிகம் வாய் திறவாத எங்கள் தோழி ஒருத்தி எழுந்து நின்றாள். அவள் தந்தை கொத்தனார். கலவையில் சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டினால் பூச்சு எப்படிப் பொரியும், அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க யார் யாருக்கு என்ன கொடுப்பார்கள், அதைச் சொல்லப் போகும் கூலியாள் எப்படி மறுநாள் வேலை இழப்பாள் என்றெல்லாம் அவள் விளக்கினாள். மங்கம்மாவை இன்னும் சற்று நேரம் காட்டியிருக்க வேண்டும், வீடு சுதாவுக்கு மட்டும் சொந்தமன்று என்றும் சொன்னாள். சிஸ்டர் அதைத் திருத்தவில்லை. எங்களுக்கோ, அந்த ஆண்டு முழுவதும் கேட்ட விமரிசனங்களில் அதுவே தலைசிறந்தது என்று படுகிறது. முதியவரான பாட்டனார் (சொக்கலிங்க பாகவதர்) முடியாத வீட்டின் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் காட்சியை மறு வாரம் திரும்பப் போட்டபோது ஒருவரும் நெளியவில்லை.

இனி நாங்கள் எடுத்த படம். பள்ளி வாசலில் கூடை வைத்துப் பழம் விற்கும் பாட்டியைப் பற்றிய மூன்றரை நிமிடப் படம் அது. எங்களிடம் இருந்த கருவி சிஸ்டரின் கைப்பேசி ஒன்றே. மாணவியர் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்ற விதி எங்களுக்கும் தளர்த்தப்படவில்லை.

முதலில் மாடி வராந்தாவிலிருந்து எடுத்தோம். பாட்டி ஒரு புள்ளி. பிள்ளைகள் அவரைச் சுற்றி ஓடும் வெள்ளைப் புள்ளிகள். பார்க்க அழகாகவே இருந்தது. பிறகு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கண் இருக்கும் உயரத்தில் கைப்பேசியைப் பிடித்தோம். அங்கிருந்து பார்த்தால் முகங்களே இல்லை. நூற்றுக்கணக்கான காலணிகளும் பாவாடை ஓரங்களும் நீளும் கைகளும்தான். நாள்தோறும் பாட்டிக்குத் தெரிவது எங்கள் கால்கள் என்பது ஆறாண்டுகளாக அந்த வாசலில் கொய்யாப்பழம் வாங்கிய எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. காமிராவை மூன்றடி கீழே இறக்கியதைத் தவிர நாங்கள் வேறொன்றும் செய்யவில்லை.

இடைஞ்சல்களுக்குக் குறைவில்லை. பாட்டி பேசத் தொடங்கினால் பேருந்து ஒலிப்பான் அலறும். அதற்காக அவர் குரலைச் சைக்கிள் கொட்டகைக்குள் வைத்துத் தனியே பதிவு செய்தோம். முதல் வாரம் கூடையில் கொய்யா இருந்தது, அடுத்த வாரம் போனால் நாவற்பழம்! ஒரே நாளில் நடப்பதாகக் காட்ட வேண்டிய கதை இது. நாங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது சிஸ்டர் சத்யஜித் ராயின் கதையைச் சொன்னார். ‘பதேர் பாஞ்சாலி’ படத்துக்காக 1952-இல் வெண்ணிற நாணற்பூக்கள் நிறைந்த வயலில் ஒரு ஞாயிறு படம் பிடித்துவிட்டு, மறு ஞாயிறு போய்ப் பார்த்தால் மாடுகள் பூக்களையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூப்பதற்கு ஓராண்டு காத்திருந்தார் அவர். அப்படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அதற்குமுன் சினிமா காமிராவை இயக்கியதே இல்லை. படம் 1955-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. ராய்க்கு ஊக்கமளித்தது 1950-இல் அவர் லண்டனில் பார்த்த ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியப் படம். சினிமா என்றாலே பாவம் என்று எண்ணும் பாட்டிமாருக்கு ஒரு செய்தி: சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் அந்தச் ‘சைக்கிள் திருடர்களும்’ உண்டு!

ஆனால் எங்கள் பெரிய இடைஞ்சல் கொய்யாப்பழம் அன்று. கொட்டகையில் குரல் பதிவு செய்த நாளில், இறந்துபோன தம் மகனைப் பற்றிச் சொல்லிப் பாட்டி அழுதுவிட்டார். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. படத்தொகுப்பின்போது அந்தக் காட்சியை வைப்பதா விடுவதா என்று எங்களுக்குள் இரண்டு கட்சிகள் ஏற்பட்டன. உண்மையான கண்ணீர், யாரும் நடிக்கவில்லை, அதை எடுத்துவிட்டால் படத்தில் உயிரே இல்லை என்றது ஒரு கட்சி. அந்தக் கண்ணீர் நமக்காக வந்ததன்று என்றது மற்றொன்று. இரண்டு சனிக்கிழமைகள் இந்த வழக்கிலேயே கழிந்தன. கடைசியில் பாட்டியையே கேட்டோம். அவர் கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு, “அது வேணாம் கண்ணு, ஊர் பார்க்கும்” என்றார். எடுத்துவிட்டோம்.

மாவட்ட அளவில் நடந்த ஒரு போட்டிக்கு இப்படம் போயிற்று. பரிசு கிடைக்கவில்லை. படத்தில் உணர்ச்சி போதவில்லை என்பது நடுவர் ஒருவரின் கருத்து. அவர் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. அந்த ஒரு நிமிடம் இருந்திருந்தால் பரிசு வந்திருக்கக் கூடும் என்று இன்றும் எங்களில் சிலர் சொல்கிறார்கள். அவர்களும்கூட அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த இரண்டு சனிக்கிழமைகளில் நாங்கள் வாதிட்டது போல் எந்தப் பாடவேளையிலும் வாதிட்டதில்லை. விடைத்தாளில் எழுதி மதிப்பெண் பெறக்கூடிய விடை அதற்கு இல்லை.

பெண்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி, 1936-இலேயே ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே இயக்கினார். காமிராவின் முன் நின்றவர் ஐந்தாண்டுகளில் காமிராவின் பின்னும் வந்துவிட்டார். 1985-இல் பி. ஆர். விஜயலட்சுமி தமிழ்ப் படவுலகில் ஒளிப்பதிவாளராகவே ஆனார். இருந்தும் இன்று ஒரு படத்தின் பெயர்ப் பட்டியல் ஓடும்போது ஒளிப்பதிவு என்ற சொல்லுக்கு எதிரே பெண் பெயரைக் காண்பது அரிது. ஆயிரக்கணக்கான படங்களில் பெண்களை எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு அருகிலிருந்து, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைப் பெரும்பாலும் ஆண்களே தீர்மானித்து வந்திருக்கிறார்கள். பாட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்த பிறகு, இப்படிப்பட்ட காட்சிகள் வரும்போது நாங்கள் தலையைக் குனிந்துகொள்வதில்லை. காமிராவை அங்கே வைத்தது யார், ஏன் என்று கேட்கிறோம். வீட்டில் அப்பாவும் அண்ணனும் இருக்கும்போதே கேட்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் சில வீடுகளில் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டதும் உண்டு.

மதிப்பெண் பற்றிய கவலை நியாயமானதே. பொதுத்தேர்வு ஆண்டில் ஒவ்வொரு மணி நேரமும் அரிது என்பதை மறுக்கவில்லை. எனவே பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிடலாம். ஒன்பதாம் வகுப்புக்கும் பதினோராம் வகுப்புக்கும் இந்த ஒரு மணி நேரம் இருக்கட்டும். அரசுப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டிலேயே சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு, அவற்றைப் பற்றிப் பேசவும் எழுதவும் பிள்ளைகளை ஊக்குவித்தார்கள். நம் பள்ளியும் இதில் பின்தங்க வேண்டியதில்லை. செலவும் பெரிதன்று. எங்களுக்கு வேண்டியவை கைப்பேசியை ஆடாமல் நிறுத்த ஒரு முக்காலியும், பேருந்து ஒலிப்பானை அடக்க ஒரு நல்ல ஒலிவாங்கியுமே.

ஆண்டு விழா நாளன்று மாலை நிகழ்ச்சிகளுக்கு முன் எங்கள் படம் கலையரங்கில் திரையிடப்படும். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றரை நிமிடந்தான். பெற்றோர் அனைவரும் அதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சனிக்கிழமை வகுப்பைப் பற்றி முடிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.