ஏட்டில் இல்லாத இடுப்பு!

திருக்கோகர்ணத்தில் 1910இல் தோன்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழம்பொருளுக்கு எண் உண்டு, ஏடு உண்டு. சற்றுத் தள்ளித் தேநீர்க் கடை பெஞ்சில் நம்மோடு உட்கார்ந்திருந்தார் கட்டடத் தொழிலாளத் தோழர் ஒருவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தப்பட்டவர். எந்தக் கம்பெனி மூட்டு, என்ன அளவு? “அதெல்லாம் யாருங்க சொன்னா?” என்று சிரித்தார். சில மாதமாகத் தொடையில் வலியாம். “நடக்க முடியுதுல்ல, பாத்துக்கலாம்” என்கிறார்.

அந்தப் ‘பாத்துக்கலாம்’தான் நம்மை எழுத வைத்தது.

செயற்கை மூட்டு சாகாவரம் பெற்றதல்ல, தோழர்களே! பந்தும் கிண்ணமும் தேயும். தேய்ந்த தூளால் எலும்பு அரிபடும். தண்டு ஆடத் தொடங்கும். வலி வருமுன்பே எக்ஸ்ரே காட்டிக்கொடுப்பதும் உண்டு. அந்தக் கட்டத்தில் மறு அறுவை என்றால் நாள் குறித்துச் செய்யும் வேலை. ரத்தசோகையைச் சரிசெய்யலாம், சர்க்கரையை அடக்கலாம், மூட்டு நீரை எடுத்துக் கிருமி உண்டா என்று பார்க்கலாம். உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரிந்தால், அதைக் கழற்றும் கருவியையும் மாற்று உறுப்பையும் முன்னதாகவே வரவழைக்கலாம்.

விட்டுவிட்டால்? வாசற்படியில் கால் இடறிய ஒரு நாள், அரிபட்ட எலும்பு தண்டைச் சுற்றி முறியும். பிறகு படுத்த படுக்கை. நுரையீரலில் சளி, முதுகில் புண், காலில் ரத்தக்கட்டு! மருத்துவரின் திறமை அதேதான்; நோயாளியின் நிலைதான் வேறு. அவசரமாகச் செய்யும் மறு அறுவையில் சிக்கலும் சாவும் கூடுதல் என்றே மேலைநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லா முறிவையும் தடுத்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல மூட்டு உள்ளவரும் விழுவார். தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டது யார் என்றுதான் கேட்கிறோம்.

ஏழையின் அசட்டை என்பார்கள். அப்படியா? ஏ.எஸ்.ஆர். கதையைக் கேளுங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டெப்யூ நிறுவனம் அந்த இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டையும் குரோமியத்தையும் ரத்தத்தில் கலக்கவிட்ட மூட்டு அது! இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்குப் பொருத்தியிருந்தார்கள். 2017இல் மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து விசாரித்தது. அவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே என்றே தெரியவில்லை! எந்த நள்ளிரவில், எந்த மருத்துவமனை வாசலில் கிடத்தப்பட்டார்களோ அவர்கள்? சுவீடன் நாடோ 1979 முதல் இடுப்பு மாற்றங்களை ஏட்டில் எழுதி வருகிறது.

பானை ஓட்டுக்கு எழுதத் தெரிந்த நாட்டுக்கு, பாட்டாளியின் இடுப்புக்கு எழுதத் தெரியாதா? மூட்டின் பெயரும் அளவும் எண்ணும் எழுதிய சீட்டு நோயாளியின் கையிலே இருக்கட்டும். நகல் அரசின் ஏட்டிலே இருக்கட்டும். குறித்த கெடுவில் “எக்ஸ்ரே எடுக்க வாருங்கள்” என்று ஒரு தொலைபேசி அழைப்பு! காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கொடுக்கிற அரசுக்கு இது மலையைப் புரட்டும் வேலையல்ல.

நம் தோழரின் பழைய மருத்துவமனைத் தாள்கள் ரேஷன் அட்டையோடு தகரப்பெட்டியில் கிடக்கின்றனவாம். திங்கட்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு முள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். நாமும் உடன் போகிறோம்.