முழங்கால் வலியை யாரிடம் காட்டுவது?



லெப்பைக்குடிகாட்டில் ஒரு நிக்காஹ் வீட்டுக்குச் சென்றிருந்தேன். விருந்து முடிந்து பெண்களெல்லாம் வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்த வேளை. பெரம்பலூரிலிருந்து வந்திருந்த ஒரு தாய் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர்கள்தானே? என் மகள் விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று தொடங்கினார்.

அவருடைய மகள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். சிறு வயது முதலே பள்ளி ஆண்டு விழா என்றால் நடனக் குழுவில் முதல் ஆளாக நிற்பாளாம். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. பிள்ளைதானே என்று விட்டு வைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒத்திகையின்போது குதித்து இறங்கியதில் முழங்கால் திருகிக்கொண்டது. இரவுக்குள் கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. ஆடியதால் வந்த வினை என்று ஏசுவார்களே என அஞ்சிப் பதினைந்து நாட்கள் மறைத்திருக்கிறாள். தெரிந்த பிறகும் சுளுக்கு வழிப்பவரிடம்தான் அழைத்துச் சென்றார்கள். அவர் எண்ணெய் போட்டு உருவ உருவ, வீக்கம் கூடியது. இறுதியில் திருச்சியில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் ஒரு பெண்மணியிடம் போனார்கள். நான்கு மாதப் பயிற்சியில் கால் தேறியது. ஆட்டம் அத்தோடு நின்றது. ஆனால் அந்த நான்கு மாதங்களில், 'இந்தத் தசை ஏன் மெலிந்தது, இந்த ஜவ்வு எதற்கு இருக்கிறது' என்று அந்தப் பெண்மணியைக் கேள்விகளால் துளைத்தெடுத்த பெண், இப்போது நானும் இதைத்தான் படிப்பேன், விளையாட்டு மருத்துவராவேன் என்று நிற்கிறாள்.

தகப்பனார் தோஹாவில் இருக்கிறார். "முதலில் ஆட்டம், இப்போது விளையாட்டா? வேறு நல்ல படிப்பே இல்லையா?" என்று தொலைபேசியில் கடிந்துகொண்டாராம். "அத்தா, நான் விளையாடப் போகவில்லை, அடிபட்டவர்களைப் பார்க்கத்தான் படிக்கப் போகிறேன்" என்று மகள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

நடனத்தைப் பற்றி நம் உலமாக்கள் கூறுவது நீங்கள் அறிந்ததே. அந்த விவாதத்தை நான் இங்கே திறக்க வரவில்லை. அந்தப் பெண்ணும் ஆட அனுமதி கேட்கவில்லை. எனினும், உடலை அசைப்பதே நம் பெண்களுக்கு ஆகாத காரியம் என்பது போன்ற ஓர் எண்ணம் நம் வீடுகளில் படிந்து கிடக்கிறதே, அதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம்? பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டிகளோடு விளையாடியதை அண்ணலார் (ஸல்) அவர்களின் பின்னால் நின்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும் வரை பார்த்த செய்தி புகாரியில் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களோடு அன்னையவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதலில் வென்றதும், பின்னர் உடல் பருத்தபோது தோற்றதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன.

விளையாட்டு மருத்துவம் என்ற பெயரே நம்மவரை ஏமாற்றிவிடுகிறது. அது பந்து விளையாடுவோருக்கு மட்டுமான மருத்துவமன்று. இயங்கும் உடலைப் பற்றியது அது. எந்த அசைவில் எந்த மூட்டுக்கு எவ்வளவு பாரம் விழுகிறது, அடிபடாமல் காப்பது எப்படி, அடிபட்டால் கத்தி வேண்டுமா பயிற்சி போதுமா, மீண்டும் எப்போது ஓடலாம் என்பன அதன் கேள்விகள். நம் முன்னோருக்கு இது அந்நியமும் அன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு ஸீனா எழுதிய 'கானூன்' என்னும் பெருநூலில் உடற்பயிற்சிக்குத் தனிப் பகுதிகள் உண்டு. மல்யுத்தம், விரைநடை, அம்பெய்தல், குதிரையேற்றம் என வகை பிரித்து, பயிற்சிக்கு முன் உடலைத் தேய்த்து ஆயத்தப்படுத்துவதையும், முடிந்த பின் தேய்த்துக் களைப்பை ஆற்றுவதையும் அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார். இன்றைய பயிற்சியாளர்கள் மைதானத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் செய்விப்பதன் கருத்தும் அதுவே.

"ஆடுகிற காலுக்கு இத்தனை வைத்தியமா?" என்று அந்தத் தாய் கேட்டார். எனக்குச் சுதா சந்திரன் நினைவுக்கு வந்தார். 1981 மே மாதம் திருச்சிப் பக்கம் நேர்ந்த சாலை விபத்தில் கால்களில் காயம்பட்ட பதின்வயது நடனப் பெண் அவர். முதலில் உள்ளூரில் சிகிச்சை பெற்று, பின்னர் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே பார்த்தபோது வலது கால் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அதே 1981இல் ஜெய்ப்பூர் மருத்துவர் பி.கே.சேத்திக்கு மகஸேஸே விருது கிடைத்தது. அவரும், அதிகம் பள்ளிப்படிப்பில்லாத கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் 1960களின் இறுதியில் உருவாக்கியதுதான் ஜெய்ப்பூர் கால். அதுவரை மேனாட்டு முறையில் செய்யப்பட்ட செயற்கைக் கால்கள் காலணி அணிந்து நாற்காலியில் அமர்வோருக்கானவை. நம் மக்களோ வெறுங்காலுடன் வயலில் நடப்பவர்கள், சம்மணமிட்டு உண்பவர்கள், குந்தி அமர்பவர்கள். தொழுகையில் அமரும் அமர்வை எண்ணிப் பாருங்கள், கணுக்கால் வளையாத பொய்க்காலின் சிரமம் உங்களுக்கு நொடியில் விளங்கும். ரப்பரால் ஆன, எளிதில் வளையும் பாதத்தை அவர்கள் செய்தார்கள். ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடிக்குக் காலிழந்த நம் சகோதரர்கள் பலரையும் நடக்க வைத்தது அந்தப் பாதமே. சுதா சந்திரன் அதைப் பொருத்திக்கொண்டு, வலியோடு பழகி, 1984இல் மும்பையில் மீண்டும் மேடையேறினார். 1985இல் அவர் வாழ்க்கையையே கதையாக்கிய 'மயூரி' தெலுங்குப் படத்தில் அவரே நடித்தார்.

அவர் ஆடியதைப் பாராட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் காலைச் செய்தவர்களிடம் இருந்த அறிவைப் பாருங்கள். மனிதர்கள் தங்கள் கால்களைக் கொண்டு உண்மையில் என்னென்ன செய்கிறார்கள் என்று கவனித்ததே அந்த அறிவு. அரைமண்டியில் நின்று கல் தரையில் வெறுங்காலால் தட்டி ஆடும் பெண்ணின் முழங்கால் சில்லும் குதிகாலும் என்ன பாடுபடும் என்பது, தானே அப்படி நின்றவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் பெரம்பலூர்ப் பெண்ணிடம் அந்த மூலதனம் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அவள் பெண். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டால், முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் முன்புறத் தசைநார் கிழிவது பெண்களுக்கே இரண்டு மடங்குக்கும் மேல். யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறமாக மடங்குவதாலேயே பெரும்பாலும் கிழிகிறது. இறங்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்து, தொடையையும் இடுப்பையும் வலுப்படுத்தினால் கணிசமாகத் தடுக்கலாம். பெரம்பலூரில் மாணவியருக்கான அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. இந்திய ஹாக்கி அணியில் 2022இல் இடம்பெற்று, முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்த கார்த்தி செல்வம் அரியலூர்ப் பிள்ளை. ஆக, நம் பகுதியில் ஓடுகிற பிள்ளைகள் இல்லாமலில்லை. அவர்களில் பெண் பிள்ளைகள் முழங்காலை, இடுப்பை, தொடையை யாரிடம் காட்டுவார்கள்?

சொல்லக் கூசும் காரியமும் உண்டு. போதிய உணவின்றிக் கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். அது நீடித்தால் எலும்பு வலுவிழந்து, சிறு அதிர்ச்சிக்கே விரிசல் விடும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை மருத்துவ உலகம் 1990களில்தான் தெளிவாக எடுத்துரைத்தது. நடனப் பெண்களிடமும் ஓட்டக்காரிகளிடமும் இது மிகுதி. கால் எலும்பு வலிக்கிறது என்று வரும் பெண்ணிடம் மாதவிலக்கைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆண் மருத்துவர் கேட்கத் தயங்குவார். கேட்டாலும் அவள் சொல்லமாட்டாள். நோன்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் முழுவதும் ரமளானில்தான் நடந்தது. ஸஹரில் என்ன உண்டால் மாலைவரை தாங்கும், எந்த நேரத்தில் பயிற்சி வைத்தால் உடல் வற்றாது என்பதைப் பாடமாகவும் படித்து, ஏழெட்டு வயது முதல் நோன்பு பிடித்து அனுபவமாகவும் அறிந்த மருத்துவர் நமக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

விளையாடும் பெண்களை விடுங்கள். நம் வீடுகளில் நாற்காலியில் அமர்ந்து தொழும் தாய்மார்களை எண்ணிப் பார்த்ததுண்டா? சுஜூதுக்குக் குனிய முடியவில்லை என்று வயது ஐம்பதிலேயே நாற்காலிக்கு வந்தவர்களை நானே நிறையப் பார்க்கிறேன். அவர்களில் பலர் ஒரு மருத்துவரிடமும் முழங்காலைக் காட்டியவர்கள் அல்லர். தைலம், ஒத்தடம், பிறகு நாற்காலி. பர்தாவைப் பேணுகிற சமுதாயத்திற்குப் பெண் மருத்துவர்கள் மற்ற எவரையும்விட அதிகமாக வேண்டும். ஆனால் பெண்களைப் படிக்க அனுப்புவதில் மட்டும் ஆயிரம் யோசனை. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களைப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில்தான் வைத்துப் பராமரித்தார்கள். காயத்துக்கு மருந்திடும் பெண்மணி அவர்.

அந்தத் தாய் வழியைக் கேட்டார். சொன்னேன். வழி இரண்டு. மருத்துவராக வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, நீட் எழுதி, பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டும். அதன் பிறகு எலும்பு மருத்துவத்திலோ விளையாட்டு மருத்துவத்திலோ மூன்றாண்டு மேற்படிப்பு. விளையாட்டு மருத்துவத்திற்கு நாடு முழுவதும் இடங்கள் மிகக் குறைவு. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் இதற்கெனத் தனி மையமே உண்டு. மற்றது இயன்முறை மருத்துவம்: நான்கு ஆண்டுகளுக்கும் மேலான பட்டப்படிப்பு, மேலே இரண்டாண்டு விளையாட்டுப் பிரிவு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் சேரும் ஆண்டில் விசாரித்துக்கொள்வது நல்லது. அவளுடைய காலைத் தேற்றியவர் இந்த இரண்டாம் வழியில் வந்தவர்தாம் என்பதையும் நினைவூட்டினேன்.

2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் எல்லாரும் அதில் அடக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கலந்தாய்வுக்கு முந்தைய நாள் ஓடுகிற வழக்கத்தை நம்மவர் இன்னும் விட்டபாடில்லை.

இரண்டு வழியையும் நான் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை இந்தப் பகுதியில் மறந்தவர் யார்? பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்ற பிள்ளை. நீட் தேர்வால் மருத்துவ இடம் கிட்டாமல் 2017 செப்டம்பர் முதல் நாளில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அரியலூரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் அரங்கத்துக்கு அவள் பெயரையே வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் கையில் ஒரே ஒரு கதவைக் காட்டி, அது திறக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்ற எண்ணத்தைப் பெற்றோர் ஊட்டிவிடக் கூடாது.

தகப்பனாருக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினேன். அவர் வேலை செய்யும் தோஹாவிலேயே 'அஸ்பெதார்' என்ற மருத்துவமனை இருக்கிறது. எலும்பு மருத்துவத்துக்கும் விளையாட்டு மருத்துவத்துக்கும் என்றே 2007இல் தொடங்கப்பட்டது. உலகின் பெரிய கால்பந்து வீரர்கள் பலர் அடிபட்ட காலோடு அங்கேதான் வந்து இறங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஒரு நடை போய் வெளியிலிருந்தாவது பார்த்து வரச் சொல்லுங்கள் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தாய் தொலைபேசியில் பேசினார். தகப்பனார் இன்னும் சரி என்று சொல்லவில்லையாம். ஆனால் நீட் பயிற்சிக்கு எவ்வளவு ஆகும், பெண்கள் விடுதி எப்படி இருக்கும் என்று தாமாகவே இரண்டு முறை கேட்டிருக்கிறார். மகளோ அதற்குள் தன் பாட்டியைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்திப் பிடித்து விடும் பயிற்சியைத் தொடங்கிவிட்டாளாம். ஒரு வேளைக்கு இருபது முறை. எண்ணிக்கை தவறாமலிருக்கப் பாட்டி தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொள்கிறாராம்.