உடலின் காவலும் மக்களின் கடமையும்

திருப்பதியில் புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி 2022 மே மாதத்தில் திறக்கப்பட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானமும் டாட்டா அறக்கட்டளையும் கைகோத்து உருவாக்கிய நிலையம் அது. தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் மருத்துவ நிலையமோ 1993 முதலே அங்கு இயங்கி வருகிறது. வேலூருக்கும் சென்னை அடையாற்றுக்கும் பஸ் ஏறிப் பழகிய சித்தூர், நகரி, சத்தியவேடு மக்களுக்கு இவை பெரும் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை.

ஆஸ்பத்திரி அருகே வந்துவிட்டது. நோயாளிகள் உரிய காலத்தில் அதன் படி ஏறுகிறார்களா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே டாக்டரைப் பார்க்கின்றனர். பயம், வறுமை, கூச்சம் ஆகியவை இதற்குக் காரணங்கள். "எதற்கும் இப்போது மருந்து வந்துவிட்டது, பார்த்துக் கொள்ளலாம்" என்ற எண்ணமும் மற்றொரு காரணம். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைப் புற்றுநோய் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே எடுத்துக் காட்டுகிறது.

கட்டி வளர உணவும் பிராணவாயுவும் வேண்டும். இரண்டையும் கொண்டு வருவது இரத்தம். புதிய இரத்தக் குழாய்கள் வந்து சேராத வரையில் கட்டியால் ஓரிரு மில்லி மீட்டருக்கு மேல், அதாவது குண்டூசித் தலையளவுக்கு மேல், வளர இயலாது என்று அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதினார். அன்று அதை ஏற்றுக் கொண்டவர்கள் சிலரே. பின்னர் அது மெய்யென நிலைபெற்றது. ஏரியிலிருந்து திருட்டு வாய்க்கால் வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொள்பவனைப் போலக் கட்டியும் சில இரசாயனங்களைச் சுரந்து இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் வளரச் செய்கிறது.

இதைத் தடுக்க உடலிலேயே காவல் உண்டு. ஆஞ்ஜியோஸ்டாட்டின் என்ற புரதம் 1994-லும், எண்டோஸ்டாட்டின் 1997-லும் ஃபோக்மனின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. பின்னது, திசுக்களைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தின் ஒரு துண்டு. டம்ஸ்டாட்டினும் அத்தகையதே. இவை புதுக் குழாய்கள் முளைப்பதை அடக்கி வைக்கின்றன. வேறு காரணங்களால் இறந்த நாற்பது முதல் ஐம்பது வயது வரையுள்ள பெண்களின் உடல்களைச் சோதித்ததில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரின் மார்பகத்தில் நுண்ணிய கட்டிகள் தென்பட்டன. ஆனால் அந்த வயதில் மார்பகப் புற்றுநோயாளிகளாக அறியப்படுபவர்கள் நூற்றில் ஒருவர் அளவே. ஃபோக்மனும் இந்திய வம்சாவளி விஞ்ஞானி ரகு கல்லூரியும் 2004-இல் இதனைச் சுட்டிக் காட்டினார்கள். பலரிடம் கட்டி தோன்றியும் நோயாக வளராமல் நின்றுவிடுகிறது. இயற்கைக் காவலின் வலிமைக்கு இது ஒரு சான்று.

அப்படியானால் அந்தப் புரதங்களையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? எலிகளில் கட்டிகள் சுருங்கின. 1998-இல் பத்திரிகைகள் அதைப் பெரிதாக வெளியிட, உலகெங்கும் நம்பிக்கை பொங்கியது. ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் அந்த அற்புதம் நிகழவில்லை. திருத்தி அமைக்கப்பட்ட எண்டோஸ்டாட்டினை நுரையீரல் புற்றுநோய்க்குச் சீனா 2005-இல் அனுமதித்தது. சுறாவின் குருத்தெலும்புத் தூள் புற்றுநோயை ஒழிக்கும் என்று விற்றவர்களும் உண்டு. சோதனைகளில் அதனால் எப்பயனும் காணப்படவில்லை.

கட்டி சுரக்கும் இரசாயனத்தை மறிக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று ஐதராபாத்திலும் பெங்களூரிலும் உள்ள கம்பெனிகளும் அதே வகை மருந்தைத் தயாரிக்கின்றன. அதன் பலன் என்ன? கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்கு வழக்கமான சிகிச்சையுடன் இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, சராசரி ஆயுள் சுமார் 13 மாதத்திலிருந்து 17 மாதமாக உயர்ந்ததாக 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நான்கு மாதம் என்பது அந்தக் குடும்பத்துக்குச் சிறிதல்ல. ஆனால் அதே நோயை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அடியோடு குணப்படுத்திவிடலாம். எது மேல்?

கட்டி சிறிதாக இருக்கும்போதுதான் உடலின் காவலுக்கும் பலம், டாக்டரின் கத்திக்கும் பலம். ஆகவே விலையுயர்ந்த மருந்தை எதிர்பார்த்திருப்பதை விட, கிராமந்தோறும் பரிசோதனை முகாம்கள் நடத்துவதே அரசும் தேவஸ்தானமும் முதலில் செய்ய வேண்டிய பணி. எல்லையோர ஊர்களில் தெலுங்குடன் தமிழிலும் விளக்கம் அளிக்கப்பட வேண்டும். தன் உடம்பில் உள்ளதைத் தாய்மொழியில் சொல்ல முடிந்தால்தான் நகரியிலோ சத்தியவேட்டிலோ உள்ள ஒரு பெண் கூச்சத்தை விட்டு வாய் திறப்பாள். மார்பில் கட்டி, மாறாத புண், காரணமில்லாத இரத்தப் போக்கு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே டாக்டரிடம் செல்வது மக்களின் கடமை.